கழன்று விழுந்த ஸ்ப்ளிட்டர்: நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். மூன்று மாதம் கழித்து, வெளியில் கிடைக்கும் முன்பக்க ஸ்ப்ளிட்டர் (பம்பரின் அடியில் முன்னோக்கி நீளும் தட்டு) ஒன்றை ஆக்சஸரீஸ் கடையில் வாங்கி, அங்கேயே பொருத்தினேன். பில் தரவில்லை, பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினேன். போன வாரம் நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு பக்கம் கழன்று, பம்பரைக் கிழித்து, ரேடியேட்டரையும் உடைத்துவிட்டது. பறந்த துண்டு பின்னால் வந்த காரின் முன்கண்ணாடியில் அடித்தது. ‘ஸ்பீடு பிரேக்கரில் இடித்திருப்பீர்கள்’ என்கிறார் கடைக்காரர். ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்று க்ளெய்மை மறுக்கிறது இன்சூரன்ஸ். செலானும் வந்திருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: முதலில், கிழிந்த பம்பரையும் உடைந்த ஸ்ப்ளிட்டரையும் ஒர்க்ஷாப்பில் கழித்துப் போடவிடாதீர்கள். உங்கள் வழக்கே அந்த ஸ்க்ரூ ஓட்டைகளில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். வேகத்தில் காற்று ஸ்ப்ளிட்டரைக் கீழ்நோக்கி அழுத்தும். அந்தப் பாரத்தை வண்டியின் சேஸிஸோ பம்பருக்குப் பின்னால் உள்ள பீமோ தாங்க வேண்டும். அதற்காகத்தான் பிராக்கெட்டும் தாங்கு கம்பிகளும், அகல வாஷர் போட்ட போல்ட்டுகளும். வெறும் பிளாஸ்டிக் பம்பரில் நாலைந்து ஸ்க்ரூவை மட்டும் முறுக்கிவிட்டால், அதிர்வில் ஓட்டை பெரிதாகி ஒரு நாள் பிடுங்கிக்கொள்ளும். அப்படிப் பிடுங்கியிருந்தால் ஓட்டையின் விளிம்பு கீழ்நோக்கி இழுபட்டு, மரை வழுவழுவென்று அழிந்திருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் இடித்திருந்தால் ஸ்ப்ளிட்டரின் அடி முனையில் ஆழமான உராய்வு இருக்கும். ஓட்டை பின்பக்கமாக நீண்டு கிழிந்திருக்கும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு ஓட்டையையும் படமெடுங்கள். அடி முனையையும் முழு நீளத்துக்கு எடுங்கள். தேய்மானம் ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் எடுங்கள்; எதிர்த்தரப்பு எப்படியும் எடுக்கும்.

அடுத்து, பெட்டியோடு வந்த பொருத்தும் குறிப்பைத் தேடுங்கள். தாங்கு கம்பி வேண்டும் என்று அதில் சொல்லியிருந்து கடைக்காரர் விட்டிருந்தால் அது சேவைக் குறைபாடு. கம்பியே தராமல், எச்சரிக்கையும் இல்லாமல் பொருளை விற்றிருந்தால் தயாரிப்பாளரின் பொறுப்பும் சேரும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளர், சேவை தருபவர், விற்பவர் ஆகியோரின் பொறுப்பு முறையே 84, 85, 86ஆம் பிரிவுகளில் இருக்கிறது. பில் தராததே அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. யு.பி.ஐ. பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் பில்லின் இடத்தை நிரப்பும். அவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணையுங்கள். போனை அழித்து ரீசெட் செய்துவிடாதீர்கள். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஸ்ப்ளிட்டரை நிபுணரின் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்தைக் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். பின்னால் வந்தவரின் கண்ணாடி மூன்றாம் தரப்பு நஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 150ஆம் பிரிவில், நிறுவனம் மூன்றாம் தரப்புக்குப் பணம் தர மறுக்கும் காரணங்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. வண்டியில் மாற்றம் செய்தது அந்தப் பட்டியலில் இல்லை. முக்கியத் தகவலை மறைத்துப் பாலிசி எடுத்தது அதில் உண்டு. ஆனால் நீங்கள் பாலிசி எடுத்தபோது ஸ்ப்ளிட்டரே இல்லை. ஆகவே அந்த ஓட்டுநரிடம் உங்கள் கைப்பணத்தைக் கொடுத்துச் சமரசம் பேசுவதற்கு முன், நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

உங்கள் வண்டியின் சேதம் வேறு கதை. இங்கே பாலிசி நிபந்தனைகள் பேசும், சொல்லாமல் பொருத்தியது உங்களுக்குப் பாதகம்தான். ஆனாலும் முழு மறுப்பை அப்படியே ஏற்க வேண்டாம். பாலிசி நிபந்தனை மீறல் இருந்தாலும், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை ‘நான்-ஸ்டாண்டர்டு’ அடிப்படையில் தரும் வழிமுறையை 2010இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அதைச் சொல்லி மறுபரிசீலனை கேளுங்கள். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலும் கேளுங்கள். எதிர்த்தரப்பு ஒரு வலுவான வாதம் வைக்கும்: இங்கே மாற்றமே விபத்தின் காரணம். அதனால் முழுத் தொகை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பதில் திருப்தியில்லை என்றால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணமில்லை. ஆனால் அதே விஷயத்தை ஆணையத்தில் போட்டுவிட்டால் ஆம்பட்ஸ்மன் எடுக்க மாட்டார்.

செலானைக் கட்டுவதற்கு முன் அதில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். பெரும்பாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4)ஆக இருக்கும். அனுமதிக்கப்படாத விதத்தில் வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாகங்களைப் பின்னர் பொருத்துவதும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் பக்கம் ஒரு வாதம் உண்டு: அதே சட்டத்தின் 52ஆம் பிரிவின் விளக்கத்தில், மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று இருக்கிறது. ஸ்ப்ளிட்டர் என்ஜினையோ சேஸிஸ் எண்ணையோ வீல்பேஸையோ தொடுவதில்லை. ஆனால் 2019 ஜனவரியில், உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது. 2017 டிசம்பரில் முன்பக்க புல்பார்களை (பம்பருக்கு முன் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்பு) எடுக்க மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டதும் பாதசாரிகளின் பாதுகாப்பை மனதில் வைத்துத்தான். துண்டு பறந்து ஒருவரின் கண்ணாடியை உடைத்த பிறகு இந்த வாதத்தை மட்டும் நம்பி மாஜிஸ்திரேட் முன் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பணம் கட்டுவதற்கு முன், உங்கள் வக்கீலிடம் செலானையும் நுகர்வோர் புகாரையும் ஒன்றாகக் காட்டுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய ரசீதைக் கடைக்காரர் உங்களுக்கு எதிராகக் காட்டக்கூடும்.

வாரன்ட்டி பற்றி டீலர் ஏதாவது சொன்னால், எந்த நிபந்தனையின் கீழ், எந்தப் பாகத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். பம்பர், ரேடியேட்டருக்கு வாரன்ட்டி போகலாம். கியர்பாக்ஸ் வாரன்ட்டியை இதோடு சேர்த்து மறுக்க, பழுதுக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் உள்ள தொடர்பை அவர்கள் காட்ட வேண்டும்.

திரும்பவும் பொருத்த நினைத்தால், அந்தக் கார் உற்பத்தியாளரே தரும் ஆக்சஸரியாக எடுங்கள். பொருத்துவதற்கு முன்பே இன்சூரன்ஸுக்கு எழுதி, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைப் பதிவு செய்யும் குறிப்பு) வாங்கிக்கொள்ளுங்கள்.