மருந்துச் சீட்டில் உள்ள ஓ.டி., பி.டி., எஸ்.ஓ.எஸ். ஆகியவற்றுக்கு என்ன பொருள்?

பெரும்பாலானவை லத்தீன் சுருக்கங்கள். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப்போகும் நேரம். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின்.

எஸ்.ஓ.எஸ். என்பதைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள். கப்பல்கள் அனுப்பும் ஆபத்துக் குறியீட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 'தேவைப்பட்டால் மட்டும்' என்பதுதான் பொருள். காய்ச்சலோ வலியோ இல்லாத நாளில் அந்த மாத்திரை வேண்டாம். தேவைப்பட்டாலும் இடைவெளி முக்கியம்: பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம்.

ஓ.டி.யில் கவனம் தேவை. பொதுவாக 'நாளுக்கு ஒருமுறை'; கண் மருத்துவரின் சீட்டிலோ அது வலது கண்ணைக் குறிக்கும். இடது கண்ணுக்கு ஓ.எஸ். சொட்டு மருந்து வாங்கும்போது இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இன்சுலின் அளவு. யூனிட் என்பதை 'யு' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாக எண்ணுக்குப் பக்கத்தில் கிறுக்கினால், அது பூஜ்யம்போலத் தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும். சர்க்கரை அளவு ஆபத்தாகச் சரிந்து உயிருக்கே கேடு வரலாம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2004இல் வெளியிட்ட தவிர்க்கவேண்டிய சுருக்கங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது. 1.0 என்று எழுதுவதும் அதில் உண்டு; புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும்.

புரியாத சுருக்கம் இருந்தால் மருந்தாளுநரிடம் கேட்டு, வேளையையும் அளவையும் அட்டையின்மேல் தமிழிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.