வரவேற்பறைக்கு விறகு அடுப்பு: புகைபோக்கியைச் சோதித்துவிட்டுச் சிறிய அடுப்பாக வாங்குங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் பழைய வரிசை வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். வரவேற்பறையில் மூடிக் கிடக்கும் கணப்பைத் திறந்து விறகு அடுப்பு வைக்க ஆசை. கடையில் 8 கிலோவாட் அடுப்பை வாங்கச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

8 கிலோவாட் வேண்டாம். உங்கள் அறையை நான் பார்த்ததில்லை என்றாலும் துணிந்து சொல்கிறேன். அந்தக் கால வரிசை வீடுகளின் வரவேற்பறை அவ்வளவு வெப்பத்தைத் தாங்காது. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். வெப்பம் ஓரளவு தங்கும் வீடு என்றால் 14ஆல் வகுக்க வேண்டும். சுவரும் சன்னலும் குளிரை உள்ளே விடும் வீடு என்றால் 10ஆல். கிடைப்பதுதான் தேவையான கிலோவாட். எங்கள் அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். 48 கன மீட்டர். தடித்த கல் சுவர் என்பதால் 10ஆல் வகுத்தேன். 4.8 வந்தது. 5 கிலோவாட் அடுப்பு வாங்கினோம். டர்ஹாம் மாவட்டத்தில் வேர்டேல் பள்ளத்தாக்கின் குளிருக்கு அது போதுகிறது.

எங்களுக்கும் ஒரு கடைக்காரர் 8 கிலோவாட்டைத்தான் காட்டினார். அகலமான கண்ணாடி, பார்க்க அழகு. அறையின் அளவை எழுதிக்கொண்டு போயிருந்தவள் நான், கேள்வி கேட்டவளும் நான். அவர் ஒவ்வொரு பதிலையும் என் கணவரைப் பார்த்தே சொன்னார். "இவர்தான் அளந்தார், இவரிடம் சொல்லுங்கள்" என்று கணவர் சொன்ன பிறகும் அதே கதை. இது அந்தக் கடையோடு முடிகிற விஷயமும் இல்லை. வீட்டுக்கடனில் பெரும்பங்கு என் சம்பளத்திலிருந்து போகிறது. வங்கிக் கடிதத்தில் முதல் பெயர் கணவருடையது. நான் நர்ஸ். மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பற்றி எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு, "சரி, டாக்டர் எப்போது வருவார்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெரியும். ஆனால் அடுப்பு, கார், கொதிகலன் எதை வாங்கப் போனாலும் ஒரு பெண் இதைக் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது. கேட்டிருப்பவர் பெண்ணாக இருந்தால் அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பதில் உங்களைப் பார்த்து வரும் வரை நகராதீர்கள்.

"சூடு அதிகமானால் காற்றுத் திறப்பை மூடிவிடலாமே" என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். பெரிய அடுப்பை விற்பவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். நான் எதிர்ப்பதும் இதைத்தான். விறகில் பாதிக்கு மேல் வாயுவாக வெளியேறித்தான் எரிகிறது. அந்த வாயு எரிய நல்ல சூடும் போதுமான காற்றும் வேண்டும். காற்றை அடைத்தால் விறகு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். கண்ணாடி கறுக்கும். எரியாத வாயு புகைபோக்கியின் குளிர்ந்த பகுதியில் தாராகப் படியும். அந்தப் படிவம் ஒருநாள் தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும். வெளியே போகிற புகையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுவாசிப்பார்கள். சிறிய அடுப்பைச் சுடராக எரியவிடுவதுதான் சுத்தமான வழி. பெரிய அடுப்பை அடக்கி வைப்பது அதற்கு நேர் எதிர். இன்னொன்றும் இருக்கிறது: 5 கிலோவாட்டைத் தாண்டினால் அறையின் சுவரில் நிரந்தரக் காற்றுத்துளை போட வேண்டியிருக்கும். குளிர்காலம் முழுவதும் அதன் வழியே காற்று உள்ளே வரும்.

"நர்ஸாக இருந்துகொண்டு விறகு எரிக்கலாமா?" என்று இங்கே சிலர் கேட்பார்கள். நேரில் கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. மூச்சுத்திணறலோடு வருகிறவர்கள் இருக்கும் வார்டில் வேலை செய்கிறேன். நுண்துகள் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டியின் 2022ஆம் ஆண்டுக் காற்று மாசு அறிக்கையைப் படித்திருக்கிறேன். புதிய தரத்து அடுப்பும்கூட எரிவாயுச் சூடேற்றியைவிடப் பல நூறு மடங்கு நுண்துகளை வெளியிடுகிறது. ஆகவே வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ நுரையீரல் நோயோ இருந்தால், அல்லது நெருக்கமான நகரத் தெருவில் எரிவாயு இணைப்போடு வசதியாக இருந்தால், அழகுக்காக மட்டும் இதை வாங்காதீர்கள். இதை மறைத்து எழுதினால் அது பதிலே ஆகாது.

எங்கள் நிலை வேறு. எங்கள் கிராமத்துக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை. எண்ணெய்க் கொதிகலன்தான், அதன் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடும். 2021 நவம்பர் 26 அன்று ஆர்வென் புயல் அடித்தது. வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்தன. ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்த வீடுகள் உண்டு. எங்கள் பள்ளத்தாக்கு மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. மதுரையிலிருந்து வந்திருந்த மாமியார் கம்பளிகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். தொட்டி நிறைய எண்ணெய் இருந்தது, ஒரு சொட்டும் பயன்படவில்லை. எதிர்வீட்டில் விறகு அடுப்பு வைத்திருந்த பெரியவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்து உட்கார வைத்தார். அந்த வாரத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பாட்டி விறகுப் புகையில் ஊதி ஊதி இருமிக்கொண்டே வாழ்ந்தவர். அதிலிருந்து தப்பித்தோம் என்றிருந்த வீட்டில் மகள் மீண்டும் விறகா என்று அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் பாட்டியின் அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. புகை முழுவதும் அடுக்களையிலேயே சுற்றியது. இது கதவு மூடிய இரும்புப் பெட்டி. புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் துகள் அறைக்குள் வரத்தான் செய்யும். அதனால் சுடர் அடங்கித் தணலாக இருக்கும்போதுதான் மெதுவாகத் திறந்து விறகு வைக்க வேண்டும்.

இப்போது புகைபோக்கி. உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார். வரிசை வீடு என்பதால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏப்ரலில் புகைபோக்கி சுத்தம் செய்பவரை வரவழைத்தோம். தூரிகையை ஏற்றுவதற்கு முன் வெளியே நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறப் பிடரியுள்ள ஜாக்டா என்னும் காக்கை இனப் பறவைகள் இரண்டு, சுள்ளிகளோடு எங்கள் புகைபோக்கிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. புழக்கத்தில் உள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். குஞ்சுகள் பறந்த பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். கோடை முடிகையில் வந்து வாளி வாளியாகச் சுள்ளி எடுத்தார். அந்தக் கூட்டின் அடியில் யாராவது அடுப்பைப் பற்ற வைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறைக்குத்தான் திரும்பியிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அதன் பிறகு புகைச்சோதனை. கீழே புகை மாத்திரையைக் கொளுத்தி, மேலே வாயை அடைத்துவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்த்தார். பக்கத்து வீட்டு மாடிப் படுக்கையறையில் புகை வந்தது. இரண்டு வீட்டுப் புகைவழிகளுக்கும் நடுவே ஒரு செங்கல் தடுப்புத்தான் உண்டு. நூறாண்டுக்கும் மேலான காரை உதிர்ந்து, அதில் செங்கற்கள் பெயர்ந்திருந்தன. அந்த அறையில் அவர்களுடைய பேத்தி வந்தால் தூங்குவாள். வீடு வாங்கும்போது நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஆய்வறிக்கையில் புகைபோக்கியைப் பற்றி இருந்தது ஒரே வரி: "உட்புறம் பார்வையிட இயலவில்லை, நிபுணரை அணுகவும்." ஆய்வுக்குத்தானே பணம் கொடுத்தோம்? மின்கம்பிக்கும் அதே வரி, கூரைக்கும் அதே வரி.

உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாயை மேலிருந்து கீழ்வரை இறக்கி அதைச் சரிசெய்தோம். குழாயில் 316, 904 என்று இரண்டு தரம் உண்டு; 904 கூடுதல் காலம் உழைக்கும், விலையும் கூடுதல். குழாய், உச்சியில் பறவை நுழையாத மூடி, தளக்கல், கூலி எல்லாம் சேர்ந்து எங்களுக்கு அடுப்பின் விலையைவிட அதிகமானது. கடையில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பொருத்துபவர் ஹெட்டாஸ் போன்ற அங்கீகாரத் திட்டத்தில் பதிவு பெற்றவராக இருந்தால் வேலை முடிந்ததும் சான்றிதழ் வரும். இல்லையென்றால் உள்ளாட்சியின் கட்டட அனுமதிப் பிரிவுக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். நாளை வீட்டை விற்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம். கணப்பின் மேல் மர உத்தரம் இருந்தால் அடுப்பிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கையேட்டில் பாருங்கள். சிறிய அடுப்பைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் ஊரைச் சொல்லவில்லை; நகரம் என்றே எடுத்துக்கொள்கிறேன். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் வந்த தூய காற்றுச் சட்டத்திலிருந்து, நகரங்களில் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் உண்டு. உங்கள் தெரு அதற்குள் வருகிறதா என்று உள்ளாட்சியின் இணையதளத்தில் பாருங்கள். வந்தால், விலக்களிக்கப்பட்ட அடுப்பு என்று அரசுப் பட்டியலில் உள்ள மாதிரியில் மட்டுமே விறகு எரிக்கலாம். மீறிப் புகை விட்டால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம். 2022 ஜனவரியிலிருந்து புதிதாகச் சந்தைக்கு வரும் அடுப்புகள் குறைவாகப் புகை விடும் எக்கோடிசைன் தரத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் கை அடுப்பு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

வார்ப்பிரும்பா, எஃகா என்று பலர் மணிக்கணக்காக விவாதிப்பார்கள். எஃகு சீக்கிரம் சூடாகும், வார்ப்பிரும்பு கொஞ்ச நேரம் கூடுதலாகச் சூட்டை வைத்திருக்கும், அவ்வளவே. விறகும் நிலக்கரியும் இரண்டும் எரிக்கும் அடுப்பா என்றால், டர்ஹாம் ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்க மாவட்டமாக இருந்ததால் இங்கே வயதானவர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கரிக்குக் காற்று கீழிருந்து வேண்டும், விறகு சாம்பல் படுக்கையில் மேல்காற்றில் நன்றாக எரியும். இங்கிலாந்தில் வீட்டு நிலக்கரி விற்பனையே 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டது. விறகுக்கு மட்டுமான அடுப்பே போதும்.

எந்த அடுப்பையும் கெடுப்பது ஈர விறகு. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 2 கன மீட்டருக்குக் குறைவாக வாங்கினால் காய்ந்த விறகு என்று காட்டும் "ரெடி டு பர்ன்" முத்திரையைப் பாருங்கள். ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விறகை அப்போதே பிளந்து, உள்முகத்தில் ஊசியை வைத்து அளக்க வேண்டும். வெளிப்பக்கம் காட்டும் எண்ணை நம்பக்கூடாது. ஆஷ் மரம் ஓராண்டாவது காய வேண்டும், ஓக் மரம் இரண்டாண்டுக்கு மேல். பைன் எரித்தால் புகைபோக்கி தார் பிடிக்கும் என்பார்கள். தாருக்குக் காரணம் ஈரம், மரம் அல்ல. நார்வேயிலும் சுவீடனிலும் ஊசியிலை மரங்களைக் காயவைத்துத் தாராளமாக எரிக்கிறார்கள். விறகை மழை படாத கூரையின் கீழ், தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு அடுக்குங்கள். அதற்கு இடம் இல்லாத வீடு என்றால் அடுப்பு வாங்கும் எண்ணத்தையே மறுபரிசீலனை செய்யுங்கள். பெயின்ட் அடித்த பலகை, பழைய கதவு, மருந்தேற்றிய வேலிக்கட்டை எதையும் உள்ளே போடக்கூடாது.

பற்ற வைக்கும்போது பெரிய கட்டையை அடியிலும் சுள்ளியை உச்சியிலும் வைத்து மேலிருந்து கொளுத்துங்கள். எழும் புகை சுடரின் வழியே போவதால் எரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சுவரில் என்றால் உயரமாக, ஆனால் கூரையை ஒட்டாமல் 15 செ.மீ. விட்டு மாட்டுங்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அது ஒலித்தால் சன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். காரணத்தைப் பிறகு தேடலாம்.

அறையின் மூன்று அளவுகளையும் சுவர் எதனால் ஆனது என்பதையும் கீழே எழுதினால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். புகைபோக்கியைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்; புகைச்சோதனை செய்து பார்த்தவர் சொல்வதைக் கேளுங்கள். இலையுதிர்காலம் வந்துவிட்டால் அவர்களிடம் நாள் கிடைப்பது கடினம்.