தொடக்கப் பள்ளியில் நடப்பது வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும்?

கேட்டவர் ஒரு தந்தை. மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவிலோ விடுமுறை அறிவிப்பைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. ஒரு தொடக்கப் பள்ளி தன் அன்றாட நடப்பைப் பெற்றோருக்கு எந்த அளவுக்கு, எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதே அவருடைய கேள்வி.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் பள்ளி அது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் குறிப்பேட்டில் நான்கு வரி எழுதி அனுப்ப வேண்டும் என்பது போன்ற யோசனைகளை நான் சொல்லப் போவதில்லை. அப்படி எழுதி அனுப்பும் தனியார் பள்ளிகளிலும், காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது அவசரமாகக் கையெழுத்துப் போட்டு மூடப்படும் டைரிகளே அதிகம்.

பள்ளியிலிருந்து போகும் செய்தி இரண்டு வகைப்படும். நாளை பள்ளி உண்டா, ஆதார் நகலை எப்போது கொண்டுவர வேண்டும், மழைக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்திருப்பது உண்மைதானா என்பவை எல்லார் வீட்டுக்கும் பொதுவானவை, அவற்றுக்கு வாட்ஸ்அப் குழு தாராளமாகப் போதும். உங்கள் மகள் இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், மதியம் முட்டையைச் சாப்பிட்டாளா, அவளுக்கு 'ழ' எழுத வந்துவிட்டதா என்பவை உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியவை. பெற்றோர் காத்திருப்பது இந்த இரண்டாவது வகைக்கு. பள்ளிகள் அனுப்பிக்கொண்டிருப்பதோ முதல் வகையை. இரண்டாவது வகைச் செய்தியைக் கொண்டுபோகத் தகுந்த ஆள் பிள்ளைதான், ஆனால் அதற்குப் பிள்ளையைப் பள்ளி தயார்செய்து அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கு முன், செய்தி யாருக்குப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் பூ எடுக்கப் போகும் தாய்மார்கள் விடியுமுன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்து, வெயில் ஏறுமுன் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். தந்தை திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ, ஆந்திரப் பக்கம் முறுக்குப் போடும் இடத்திலோ இருப்பார். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸில் உள்ள கைபேசி எண் பெரும்பாலும் அந்தத் தந்தையுடையது. ஆக, நாளை குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கப்போகிறோம் என்று நாம் அனுப்பும் செய்தி, திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவரின் சட்டைப் பையில் ஒலிக்கிறதே தவிர, மறுநாள் பிள்ளைக்குத் தலைசீவி அனுப்பிவைக்கும் அப்பத்தாவின் காதுக்கு எட்டுவதில்லை. மாத்திரையைச் சப்பிய பிள்ளைக்கு லேசாக வயிறு புரட்டினால்கூட, "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம என்னத்தக் குடுத்தீக?" என்று மறுநாள் வாசலில் வந்து நிற்பவர் அந்த அப்பத்தாதான். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

எனவே ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு வீட்டாரிடமும் நாங்கள் கேட்பது, "சாயங்காலம் பிள்ளை யாருகிட்ட வரும்?" என்பதுதான். அந்த ஆளின் பெயரும் எண்ணும் ஒரு நோட்டில் தனியாக இருக்கும். அது பொத்தான் கைபேசியாக இருந்தால் அழைத்துச் சொல்கிறோம். வாட்ஸ்அப் இருந்தால் எழுத்தைவிடக் குரல் பதிவையே அனுப்புகிறோம், அதுவும் ஒரு நிமிடத்துக்குள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கத்தைப் படித்த பெற்றோரும் விரும்புகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆசிரியரின் குரலில் கோபம் இருக்கிறதா இல்லையா என்பது கேட்டால் தெரியும், எழுத்தில் தெரியாது.

இனி பிள்ளை வழியாகப் போகும் செய்தி. ஆறு வயதுப் பிள்ளையிடம் "என்ன நடந்தது?" என்று கேட்டால், காலையிலிருந்து மாலை வரை நடந்த அத்தனையிலிருந்தும் எதை எடுத்துச் சொல்வது என்று அதற்குத் தெரியாது. தெரியாததால் "ஒண்ணுமில்ல" என்கிறது. இதற்காகக் கடைசி மணிக்கு முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குகிறோம். கரும்பலகையின் வலது ஓரத்தில் 'வீட்டுக்குச் சொல்ல' என்று ஒரு கட்டம் உண்டு. அன்று நடந்தவற்றில் எது வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்ல, அதிலிருந்து ஒரே ஒரு வரி அங்கே எழுதப்படும். இரண்டு மூன்று பேர் அதை வீட்டில் சொல்வதுபோலவே எழுந்து நின்று சொல்லிப் பார்ப்பார்கள். அதன் பிறகு அந்த வரியை ஒட்டி வீட்டார் கேட்க வேண்டிய ஒரு கேள்வி குரல் பதிவாகப் போகும்.

ஒரு நாள் அளவைப் பாடத்தில் பெஞ்சைச் சாணால் அளந்தோம். பிள்ளைகளின் கையில் பதினொரு சாண் வந்தது, என் கையில் எட்டுத்தான் வந்தது. நான் ஏமாற்றுகிறேன் என்று வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. அன்றைய வரி 'பெஞ்சு எத்தனை சாண்?' என்பது. வீட்டுக்குப் போன கேள்வி, "டீச்சர் கையிலயும் உன் கையிலயும் ஏன் வேற வேற வந்துச்சு?" என்பது. மறுநாள் காலையில் ஒரு பையன் பையைக்கூடக் கழற்றாமல் வந்து, "டீச்சர், எங்க அப்பத்தா சொல்லுச்சு, பூ வாங்குனா கை நீளமா இருக்குற பூக்காரம்மாகிட்ட வாங்கணுமாம், அப்பத்தான் மொழத்துக்குப் பூ நெறைய வருமாம்" என்றான். பொது அளவு ஏன் வேண்டும் என்பதை நான் அதன் பிறகு விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போன செய்தி இப்படிப் பாடமாகவே திரும்பி வரும் நாட்கள் உண்டு. எல்லா நாளும் அப்படி அமையாது. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி இருந்தது என்பதைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லாத நாட்களில் அந்தக் கம்பளிப்பூச்சியே வீட்டுக்குப் போகும்.

படிப்பைப் பற்றிச் சொல்வது இதைவிடக் கடினம். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, பிள்ளைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டார்கள். வகுப்பறையில் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளக்கமில்லாமல் வீட்டுக்குப் போனால் அது தர வரிசையாகிவிடுகிறது. "எம்பேரன் இன்னும் அரும்புலயே கெடக்கானாமே, பக்கத்து வீட்டுப் பிள்ளை மலருக்குப் போயிருச்சாம்ல" என்று ஓர் அம்மாச்சி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். நிலையின் பெயரைச் சொல்வதைவிட, பிள்ளையால் இப்போது என்ன முடிகிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்பதைச் சொல்வதே பெற்றோருக்குப் பயன்படும். "மாடு, வீடு மாதிரி ரெண்டெழுத்துச் சொல்லை உங்க பேரன் தானா வாசிக்கிறான், தீபாவளிக்குள்ள சின்ன வாக்கியம் வாசிச்சுருவான், பஸ்ல ஊர்ப் பேரைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் மகிழ்ச்சியோடு போனார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த வாரம் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டைப் பற்றிய செய்திக்குத் தனி இடம் உண்டு. வேலைக்குப் போன தாய்க்கு வரும் முதல் கவலை பிள்ளை சாப்பிட்டதா என்பதுதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. எங்கள் பக்கத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். உப்புமாவில் உப்புக் கூடிய செய்தி நாங்கள் முதல் பாடத்தைத் தொடங்குவதற்குள் ஊர்க் குழாயடியில் பேசப்பட்டுவிடும். ஆகவே இதில் பள்ளி எதையும் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. இன்று என்ன உணவு என்பது வாசலில் எழுதிப் போடப்படுகிறது. ஒரு பிள்ளை காலையில் சாப்பிடவில்லை என்றால் அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை போகிறது.

அடிபட்டால் அழைப்பு பிள்ளைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். இதில் விலக்கே கிடையாது. முழங்காலில் சிராய்ப்பாக இருந்தாலும் எங்கே விழுந்தது, எத்தனை மணிக்கு, நாங்கள் என்ன செய்தோம் என்று மூன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டிருந்தால் மற்றப் பிள்ளையின் பெயரைச் சொல்வதில்லை. எங்கள் ஊரில் பெயர் சொன்னால் அது இரண்டு வீட்டுச் சண்டையாகிவிடும், சில சமயம் இரண்டு தெருச் சண்டையாகவும் ஆகும். கண்டிக்க வேண்டிய செய்தியைக் குழுவில் போடுவது, மதிப்பெண் பட்டியலைப் படம்பிடித்து அனுப்புவது, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை நிற்கவைத்துப் படமெடுப்பது எல்லாம் அடியோடு தவிர்க்கப்பட வேண்டியவை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஏழு வயதுப் பிள்ளையின் தலைகுனிவு ஊரார் கைபேசியில் கிடக்க வேண்டியதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றி ஒரு சொல். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது என்பவற்றுக்கு அதுதான் இடம். கூட்டத்தை நூறு நாள் வேலை முடிந்து வந்த பிறகு, மாலையில் வைத்தால் ஆள் வரும். காலை பதினொரு மணிக்கு வைத்துவிட்டுப் பெற்றோருக்கு அக்கறையில்லை என்று குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கேட்டவருக்கு: உங்கள் மகளின் ஆசிரியரிடம் தினமும் செய்தி கேட்காதீர்கள், நாற்பது வீட்டாரும் கேட்டால் அவர் பாடம் நடத்த முடியாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, "வீட்டில் நான் அவளிடம் என்ன கேட்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். மகளிடம் "என்ன நடந்துச்சு?" என்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு யாரு அழுதா?", "எந்தப் பாட்டுப் பாடுனீங்க?", "யாரு கூடச் சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு நடப்பையும் ஆசிரியருக்குச் சொல்லுங்கள். தந்தை வெளியூருக்குக் கிளம்பிப் போயிருந்தாலோ, இரவு யாருக்காவது முடியாமல் போய்ப் பிள்ளை தூங்கியிருக்காவிட்டாலோ, காலையில் வாசலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், அன்று அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லாமல் எங்களால் பார்த்துக்கொள்ள முடியும்.