டாக்டரிடம் கேளுங்கள்: அக்காவின் பழைய படம்

கேள்வி: இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் பெரியம்மா மகள் இருக்கிறார். வயது 52. போன மாதம் கண்டிக்குப் போய் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தார். ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 0' என்று போட்டிருக்கிறது. "சைபர்தானே, ஒன்றுமில்லை" என்கிறார். 2022-இல் கல்யாணத்துக்குச் சென்னை வந்தபோது இங்கேயும் ஒருமுறை எடுத்தோம். புது ஃபிலிமைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். பார்த்துச் சொல்வீர்களா டாக்டர்?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: பார்த்தேன். லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்திருக்கிறார்கள் போல. கம்பிகளின் நிழலும் ஒருவரின் கட்டைவிரலும் விழுந்திருக்கின்றன. இதை வைத்து நான் கருத்துச் சொன்னால் அது தப்பு.

முதலில் அந்த சைபர். 'பைராட்ஸ்' என்பது மேமோகிராமின் முடிவை எண்ணில் சொல்லும் முறை. இன்றைக்கே போன் போட்டு அக்காவிடம் சொல்லுங்கள். 1 என்றால்தான் ஒன்றுமில்லை. 0 என்றால், முடிவு சொல்ல இந்தப் படம் போதவில்லை. வேறு கோணத்தில் எடுக்க வேண்டும், அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும், அல்லது பழைய படம் வேண்டும் என்று அர்த்தம். பயப்படவும் வேண்டாம். இப்படித் திரும்பக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் போகாமல் இருக்கக் கூடாது.

புதுப் படத்தை இங்கே வரவழைக்க நினைக்கிறீர்கள். நான் உங்களிடம் கேட்பது, 2022-இல் எடுத்த படத்தை அங்கே அனுப்புங்கள் என்றுதான். ஒரு வெள்ளைத் திட்டு அன்றைக்கும் அப்படியே இருந்ததா, இப்போது புதிதாக வந்ததா? அது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஜவ்வாது மலையிலிருந்து வந்த ஓர் அம்மாவின் பழைய படத்தை, எடுத்த இடத்திலேயே அழித்துவிட்டார்கள். ஒப்பிட வழியில்லாமல் ஊசி குத்தி, துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்தோம். கெடுதல் இல்லை என்று வந்தது. ரிசல்ட் வரும்வரை அவர் வராண்டாவில் மகளின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, எப்படி அனுப்புவது? பழைய பில்லையும் அக்கா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இங்கே எடுத்த ஸ்கேன் சென்டருக்குப் போங்கள். பிரிண்ட் வேண்டாம், 'டைகாம்' ஃபைல் வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவப் படங்களைக் கம்ப்யூட்டரில் சேமிக்க 1993-இலிருந்து இருக்கும் பொது முறை அது; மெஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அங்கே திறக்கும். அதில் 4,000 படிகளுக்கு மேல் சாம்பல் நிறம் உண்டு. போன் படத்தில் 256-தான். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத, தூள் உப்பு மாதிரியான சுண்ணாம்புப் புள்ளிகளைத்தான் நாங்கள் தேடுகிறோம். போன் படத்தில் அவை கரைந்துபோகும். ஒரு மார்பகத்துக்கு இரண்டாக நான்கு படமும் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். பெயரின் ஸ்பெல்லிங்கும் பிறந்த தேதியும் கண்டி ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். அது அக்காவின் உடம்பு.

கண்டியில் பார்த்த டாக்டருக்கே அது போகட்டும். தேவைப்பட்டால் பயாப்ஸி செய்யப்போவது அங்கே இருப்பவர்கள்தான். அப்புறமும் சந்தேகம் இருந்தால் இரண்டு வருடத்து ஃபைல்களையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஒரு நாள் கூலி போகுமே என்று அக்கா தள்ளிப்போடலாம். பஸ் காசோடு அந்தக் கூலியையும் நீங்களே அனுப்பிவிடுங்கள்.