கம்பெனிக்கு வட்டி, குடியானவனுக்குக் கிஸ்தி: ரயில் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஈரோட்டில் குட்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: ஐயா, நம்ம பக்கம் முதலில் ரயில் விட்டது ஒரு தனியார் கம்பெனி என்று படித்தேன். அந்தக் கம்பெனிக்கும் வெள்ளைக்கார சர்க்காருக்கும் பேரம் எப்படி நடந்தது? யார் கை ஓங்கியிருந்தது?
– கல்லூரி மாணவர், அவிநாசி

தம்பி, பேரம் நடந்தது போத்தனூரிலும் இல்லை, சென்னைக் கோட்டையிலும் இல்லை. லண்டனில். ஒரு பக்கம் மதராஸ் ரயில்வே கம்பெனியின் டைரக்டர்கள், எதிர்ப்பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியார். 1858க்குப் பிறகு அந்த நாற்காலியில் இந்தியா மந்திரி, அதாவது பிரிட்டிஷ் மந்திரிசபையில் இந்தியாவைக் கவனித்தவர், உட்கார்ந்தார். இரண்டு தரப்பும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதை மனசில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

கம்பெனி கையில் ஒரே ஒரு துருப்புச்சீட்டுதான் இருந்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டிக்கு சர்க்கார் பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் யாரும் பணம் போட மாட்டார்கள் என்றார்கள். 1845இல் தொடங்கிய முதல் முயற்சி கலைந்தே போனது. அப்புறம் 1852இல் வட்டி உத்தரவாதத்தோடு ஒப்பந்தம் ஆனது. முதலுக்கு நாலரை சதவீதத்தில் ஆரம்பித்து, அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் 5 சதவீதம் வரை போனது. நிலம் 99 வருஷத்துக்கு இலவசம். பணத்தை சர்க்கார் கஜானாவில் கட்டிய நாளிலிருந்தே வட்டி ஓடும். தண்டவாளம் போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வட்டிக்கு மேல் லாபம் வந்தால் பங்கு உண்டு. இதற்கும் மேலே ஒரு ஷரத்து. கம்பெனிக்குப் பிடிக்கவில்லையென்றால் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு, லைனை சர்க்கார் தலையில் கட்டி, போட்ட முதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சோமனூரில் ஒருத்தர் உங்கள் நிலத்தில் தறிக்குடோன் போடுகிறார் என்று வையுங்கள். நஷ்டமானால் வட்டி நீங்கள் கட்டுவீர்கள், லாபமானால் ஆளுக்குப் பாதி, சலித்துப்போனால் குடோனை உங்களிடமே விட்டுவிட்டு முதலை எண்ணி வாங்கிக்கொண்டு போவார். நம்ம ஊரில் இப்படிப்பட்ட பத்திரத்தில் எவனாவது கையெழுத்துப் போடுவானா?

சர்க்கார் ஒன்றும் வெறுங்கையோடு எழுந்து வரவில்லை. தபால் பைகளை இலவசமாக ஏற்ற வேண்டும், பட்டாளத்தையும் சர்க்கார் சாமானையும் குறைந்த கட்டணத்தில் கொண்டுபோக வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். லண்டன் போர்டில் சர்க்கார் தரப்பு டைரக்டர் ஒருவர். எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. இங்கே மாகாணத்தில் சர்க்கார் வைத்த கன்சல்டிங் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் செலவு நகராது. 25 வருஷம் கழித்தோ 50 வருஷம் கழித்தோ லைனை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையும் இருந்தது.

காகிதத்தில் இதெல்லாம் கெட்டியான பிடிதான். ஆனால் செலவு செய்கிறவனுக்கு வட்டி எப்படியும் வந்துவிடும் என்றால் எவன் சிக்கனம் பார்ப்பான்? இந்தியா முழுக்க மைலுக்கு 8,000 பவுண்டு ஆகும் என்று போட்ட கணக்கு 18,000ஐ எட்டியது. 1872இல் லண்டன் பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் சாட்சி சொன்ன மாசி இங்கே வைஸ்ராய் சபையில் நிதி மெம்பராக இருந்தவர். இந்திய வருவாயிலிருந்து 5 சதவீதம் உறுதியென்றால், தான் கொடுத்த பணம் செங்கல்லும் சுண்ணாம்பும் ஆனதா, ஹூக்ளி ஆற்றில் போனதா என்பது முதலாளிக்கு ஒரு பொருட்டே இல்லை என்று போட்டு உடைத்தார்.

அந்த ‘இந்திய வருவாய்’ என்பதில் பெரும்பங்கு நிலவரி. மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் சோளமும் பருத்தியும் விளைவித்த நம்ம குடியானவர் கட்டிய கிஸ்தியும் அதில் சேர்த்தி. பேரத்தில் அவருக்கு நாற்காலி போடவில்லை.

இதிலெல்லாம் மோசமான பேரம் 1870இல் நடந்தது என்பேன். 25ஆம் வருஷத்தில் வாங்கும் உரிமையை மதராஸ் ரயில்வே உள்ளிட்ட மூன்று கம்பெனிகளுக்கு சர்க்கார் விட்டுக்கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்தது உபரி லாபத்தில் பாதி. உபரியே அபூர்வமாக வரும் கம்பெனியிடம் உபரியில் பாதி! இப்படி விட்டுக்கொடுக்காத கிழக்கிந்திய ரயில்வேயை 1880இலேயே வாங்கிவிட்டார்கள். மதராஸ் ரயில்வே ஒப்பந்தமோ 1907 டிசம்பர் வரை இழுத்தது. 1908 ஜனவரியில் ஜோலார்பேட்டையிலிருந்து சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்கே போகும் லைன் சவுத் இந்தியன் ரயில்வே கைக்குப் போனது. அதுவும் கம்பெனிதான், சொத்து மட்டும் சர்க்காருடையது.

ரயிலால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1862இல் சென்னையிலிருந்து மலபார் கரையிலுள்ள பேப்பூர் வரை சுமார் 400 மைல் பாதை முடிந்தபோது நம்ம பருத்திக்கு இரண்டு கடலுக்கும் வழி கிடைத்தது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) தானியம் ரயிலில்தான் வந்து இறங்கியது. அதை வாங்கக் காசு இருந்ததா என்பது வேறு விஷயம்.

கேள்வி: ரூபாய் மதிப்பு சரிந்ததால் ரயில் கம்பெனிகளுக்கு லாபம் என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். நஷ்டம்தானே வரவேண்டும்?
– கணக்கு ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

ஒப்பந்தத்தில் ஒரு ரூபாய்க்கு 22 பென்ஸ் (அன்று 240 பென்ஸ் ஒரு பவுண்டு) என்று நிரந்தரமாக எழுதிவிட்டார்கள், அம்மிணி. கையெழுத்தானபோது அது ஏறத்தாழ நியாயமான விகிதம். வெள்ளி விலை சரிந்து 1890களில் ரூபாய் 15 பென்ஸுக்கும் கீழே போனது. இப்போது கணக்குப் போடுங்கள். கம்பெனி இங்கே 1,200 ரூபாய் நிகரமாகச் சம்பாதித்து சர்க்கார் கஜானாவில் கட்டினால், லண்டன் கணக்கில் 110 பவுண்டு வரவு வைக்க வேண்டும். 15 பென்ஸ் விலையில் அந்த ரூபாய்க்கு 75 பவுண்டுதான் கிடைக்கும். நடுவிலுள்ள 35 பவுண்டு சர்க்காருக்கு நஷ்டம்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. கணக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடியும். நல்ல ஆறு மாதத்தில் உபரி வந்தால் கம்பெனி தன் பாதியை எடுத்துக்கொள்ளும். அடுத்த ஆறு மாதம் துண்டு விழுந்தால் முன்னே எடுத்ததைத் திருப்ப வேண்டியதில்லை, துண்டு முழுக்க சர்க்கார் பாடு. உங்கள் பிள்ளைகளுக்கு இதை ஒரு வீட்டுக்கணக்காகவே கொடுக்கலாம்.

கேள்வி: ஈரோட்டில் ஒரு காலத்தில் மூட்டைகளை ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்குத் தூக்கி மாற்றினார்கள் என்று எங்க அப்பிச்சி சொல்வார். உண்மையா?
– மஞ்சள் வியாபாரி, ஈரோடு

உண்மைதானுங்க. நாகப்பட்டினத்தில் தொடங்கிய கிரேட் சதர்ன் கம்பெனி திருச்சி, கரூர் வழியாக 1868இல் ஈரோடு வந்து மதராஸ் ரயில்வேயோடு சேர்ந்தது. அப்போது இரண்டும் அகலப்பாதை. 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் சர்க்கார், செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய பாதை) கொள்கையைக் கொண்டுவந்தது. அந்த பத்தாண்டு முடிவதற்குள் போட்ட அகலப்பாதையைப் பிடுங்கித் திருச்சி லைனைக் குறுக்கிவிட்டார்கள். மிச்சம் பிடித்தது சர்க்கார். பல்லாண்டுக் காலம் ஈரோடு ஷெட்டில் மூட்டை சுமந்தது நம்ம ஆட்கள். நான் வேலைக்கு வந்தபோது அதெல்லாம் முடிந்த கதை. ஆனால் ஒரு வேகனைக் காலி செய்து இன்னொன்றில் ஏற்றினால் சாக்கு கிழியும், எடை குறையும், கிளெய்ம் வரும். அந்த வயிற்றெரிச்சல் குட்ஸ் ஆபீஸ்காரனுக்குத்தான் தெரியும்.

கேள்வி: மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயிலையும் இதே மாதிரி சலுகை கொடுத்துத்தான் போட்டார்களா?
– உருளைக்கிழங்கு மண்டிக்காரர், மேட்டுப்பாளையம்

அங்கே கதை நேர்மாறு, அதனால்தான் அதைத் தனியாகச் சொல்ல ஆசை. போத்தனூர் லைனுக்குத் தாராளமாக அள்ளிக்கொடுத்த சர்க்கார், அதிலிருந்து கூப்பிடு தூரத்திலிருக்கும் மலைக்குக் கையை இறுக்கிக்கொண்டது. மலைக்கு ரயில் என்ற பேச்சு 1854இலேயே எழுந்தது. சுவிட்சர்லாந்தின் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் போட்ட ரிக்கன்பாக் இங்கும் போட முன்வந்தார், உத்தரவாதம் கேட்டார். பேச்சு நீண்டது, லண்டன் பணக்காரர்கள் தயங்கினார்கள். 1885இல் 25 லட்சம் ரூபாய் மூலதனத்தோடு ஒரு புதுக் கம்பெனி. 1891 ஆகஸ்டில் கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். 1894இல் கம்பெனி திவால். 1896இல் வேறொரு கம்பெனி அதை வாங்கி, ஒருவழியாக 1899 ஜூனில் குன்னூருக்கு ரயில் ஏறியது. முதல் பேச்சிலிருந்து 45 வருஷம்! 1903 ஜனவரியில் சர்க்கார் 35 லட்சம் கொடுத்து வாங்கியது. 1908இல் ஊட்டி வரை நீட்டியது.

கல்லாரில் ரயில் நிற்கும்போது இறங்கித் தண்டவாளத்தின் நடுவே பாருங்கள். பல்வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம், அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்வியபடியே இருக்கும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். இத்தனை வேலைப்பாட்டையும் சாதாரண லைன் போலக் கணக்குப் பார்த்தால் எந்தக் கம்பெனி தாங்கும்?

இரண்டு பேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சர்க்காருக்குப் பேரம் பேசத் தெரியாமல் இல்லை என்று புரியும். பட்டாளமும் பருத்தியும் போகிற பாதைக்கு இளகினார்கள், மற்றதற்கு இறுக்கினார்கள்.

கேள்வி: 2022இல் கோவையிலிருந்து ஷீரடிக்குத் தனியார் ரயில் விட்டார்களே, அதுவும் பழைய கம்பெனி முறைதானா?
– இல்லத்தரசி, பீளமேடு

இல்லைங்க அம்மிணி. 2022 ஜூன் 14 அன்று கோவை வடக்கிலிருந்து கிளம்பிய அந்த ‘பாரத் கௌரவ்’ ரயிலில் தண்டவாளம், எஞ்சின், டிரைவர், கார்டு எல்லாம் ரயில்வேயுடையது. பெட்டிகளைக் குத்தகைக்கு எடுத்து, ஓட்டுவதற்கான கட்டணத்தை ரயில்வேக்குக் கட்டுவது நடத்துகிறவர் பொறுப்பு. டிக்கெட் விலையை அவரே வைத்துக்கொள்ளலாம். சீட்டு காலியாகப் போனால் நஷ்டமும் அவருடையதே, வட்டிக்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. அப்படிப்பட்ட ரயிலில் நீங்கள் போவதாக இருந்தால், சாப்பாடும் தங்குமிடமும் அந்தத் தொகையில் சேர்த்தியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.