மைனஸ் 15-ல் ட்ரோன்: விரல் மரத்துப்போவதற்கு

வணக்கம். கனடாவின் வின்னிபெக் குளிரில் ட்ரோன் பறக்கவிடும்போது பத்து நிமிடத்திலேயே கட்டைவிரல் மரத்துவிடுகிறது, தடித்த கையுறை போட்டால் ரிமோட்டின் ஸ்டிக் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதல் குளிர்காலம் அப்படித்தான் போனது.

கையுறையைத் தடிப்பாக்கிப் பயனில்லை. மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ரிமோட்டையும் இரண்டு கைகளையும் சேர்த்து மூடும் உறை ஒன்று வாங்குங்கள். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கும், திரை தெரியும். காற்று கையில் படாததே பெரிய விடுதலை. உள்ளே இரண்டு சூட்டுப் பொட்டலங்களைப் போடுங்கள். அவற்றிலுள்ள இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்துதான் சூடாகும். அதனால் பறக்கவிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே அவற்றின் மேலுறையைப் பிரித்துவிடுங்கள். மணிக்கட்டையும் மூடிவையுங்கள், விரலுக்குப் போகும் ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது.

அப்புறம் கால். அசையாமல் பனியில் நின்றால் சூடெல்லாம் தரைக்குப் போய்விடும். ஒரு யோகா பாயை விரித்து அதன்மேல் நில்லுங்கள். பருத்திச் சாக்ஸ் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது.

பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள். ட்ரோனை மேலே கிளப்பியதும் ஒரு நிமிடம் தாழ்வாக அந்தரத்தில் நிறுத்திப் பேட்டரியைச் சூடாக்குங்கள். உங்கள் ட்ரோனின் கையேட்டில் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பாருங்கள். பல மாடல்களுக்கு மைனஸ் 10தான் எல்லை. விரலில் உணர்ச்சி குறைந்ததும் உடனே இறக்கிவிடுங்கள், தயவுசெய்து.