அட்டைக் கூடாரம் ஏன் வளைகிறது?

கேள்வி: சீரியல் வரும் மெல்லிய அட்டைப்பெட்டியை வெட்டி, மேசைப் போர் விளையாட்டுக்கு ஆறு கூடாரங்கள் செய்தேன். 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களுக்கானவை. வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து மேலே டிஷ்யூ பேப்பர் ஒட்டி, அக்ரிலிக் பெயின்ட் அடித்தேன். மறுநாளே சரிவுகள் வளைந்து, கீழ் ஓரம் வெளிப்பக்கம் தூக்கிக்கொண்டது. அட்டையைக் கெட்டியாக்கும் திரவம் என்று ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கலாமா, இல்லை ரெடிமேட் கிட்டுக்கே போய்விடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் அட்டையில் குறை எதுவும் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தீர்கள், அதுதான் காரணம்.

அட்டை என்பது மரநார். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெளிப்பக்கத்தில் பூசிய பசையும் பெயின்ட்டும் காயும்போது அந்தப் பக்கத்தையே இழுக்கின்றன. உள்பக்கத்தில் எதிர்த்து இழுக்க ஒன்றுமில்லை. அதனால் ஓரம் வெளியே தூக்கிக்கொள்கிறது. உள்ளேயும் அதே பசையை அதே அளவு பூசிவிட்டால் இரண்டு இழுப்பும் சரிக்குச் சரி.

செய்துவிட்ட ஆறையும் தூக்கிப் போடாதீர்கள். உள்பக்கம் பசைத்தண்ணீரைப் பிரஷ்ஷால் பூசி, ஈரம் லேசாக இருக்கும்போதே மடிப்பை விரித்து, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். உச்சி மடிப்பில் பெயின்ட் வெடிக்கும். அங்கே டிஷ்யூ பேப்பரில் மெல்லிய பட்டை ஒட்டினால், துணியில் தையல் ஓடியதுபோல அழகாகவே இருக்கும்.

அடுத்த முறை வெட்டும் முன் அட்டையை இரண்டு வாட்டத்திலும் வளைத்துப் பாருங்கள். எந்த வாட்டத்தில் சுலபமாக வளைகிறதோ, உச்சி மடிப்பும் அதே வாட்டத்தில் இருக்கட்டும். அளவு கேட்டால், 100 மி.மீ. அகலத் துண்டை நடுவில் மடித்து, அடியில் 60 மி.மீ. விரித்து வையுங்கள். உயரம் சரியாக 40 மி.மீ. வரும். 28 மி.மீ. வீரன் உள்ளே நிற்பான். அப்புறம் அடியில் ஒரு தரையட்டை ஒட்டிவிட்டால் ஓரம் அசையாது.

இனி அந்தத் திரவம். நானும் ஒருமுறை அப்படி ஒரு பாட்டில் வாங்கி ஏமாந்தேன். அதே வாசனை, காய்ந்தால் அதே கண்ணாடிப் படலம். வெள்ளைப் பசையில் தண்ணீர் ஊற்றி, கூடாரப் படம் ஒட்டி விற்றிருக்கிறார்கள். இடையில் ஒருவர் பாட்டில் மாற்றி ஊற்றியதற்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கிட் விஷயமும் இதே கதைதான். 28 மி.மீ. என்பதை ஒரு கம்பெனி கண் மட்டம் வரை அளக்கிறது, இன்னொன்று உச்சந்தலை வரை அளக்கிறது. இத்தனை வருஷமாகியும் இந்தத் துறையில் ஒரே அளவுக்கோலுக்கு வர யாருக்கும் மனமில்லை, விளையாடுகிறவன்தான் கஷ்டப்படுகிறான். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வாசல் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாத ஆளிடம் வாங்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, பால், ஜூஸ் வரும் அட்டை. அதன் இரண்டு பக்கமும் பாலிஎத்திலீன் படலம் இருக்கும். ஜூஸ் பெட்டியில் பெரும்பாலும் உள்ளே அலுமினியத் தாளும் இருக்கும். தண்ணீர் புகாது, ஆகவே வளையாது. இதைப் பார்த்துத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் பசையும் ஒட்டாது. பெயின்ட் காய்ந்ததும் நகத்தால் கீறினால் தோல்போல உரிந்து வரும். உப்புத்தாள் போட்டாலும் கொஞ்சம்தான் பிடிக்கும். அந்த அட்டைதான் கையில் இருக்கிறது என்றால், டிஷ்யூ பேப்பரைச் சரிவை விடப் பெரிதாக வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, உள்பக்கம் போட்ட இன்னொரு டிஷ்யூ பேப்பரோடு ஒட்டுங்கள். அப்போது காகிதம் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும், அட்டை நடுவில் சும்மா நிற்கும். வாசலுக்கு வெட்டிய ஓரத்தையும் விடாதீர்கள். உரிவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

கயிறுக்குத் தையல் நூல், கம்பத்துக்குப் பல்குச்சி போதும். நூலைப் பசையில் நனைத்து இழுத்துக் கட்டுங்கள். காய்ந்த பின் தொய்யாது.